கேட்கும் தொலைவு

தொல்காப்பியக் களவியல் இரவுக்குறிக்கு ஓர் எல்லை வகுக்கிறது. தலைவனும் தலைவியும் இரவில் சந்திக்கும் இடம் வீட்டு எல்லைக்குள், வீட்டாரின் பேச்சுக் காதில் விழும் தொலைவில் இருக்க வேண்டும். பகற்குறிக்கு அந்த எல்லையைத் தாண்டலாம். பல ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்திவருகிறேன். மாணவிகளும் குறித்துக்கொண்டு தேர்வில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது இலக்கணமாக மட்டும் தெரியவில்லை. நம்மிடம் பெண்ணின் இரவைக் காதால்தான் அளந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. இது விருதுநகர் மாவட்டத்தில், அரசு சிமென்ட் ஆலை இருக்கும் ஊர். சுற்றிலும் பட்டாசும் தீப்பெட்டியும். எண்பதுகளில் எங்கள் தெருவில் பல வீடுகளில் ராத்திரியில் பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. கோயில் பொங்கல் வந்தால் குழாய் ஸ்பீக்கர் வழியாக எல்.ஆர். ஈஸ்வரி வீட்டுக்குள் வந்துவிடுவார். அம்மா பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குரலை அவர் நேரில் கேட்டதில்லை. பொட்டலில் நடந்த மெல்லிசைக் கச்சேரியைக்கூட முன்வரிசைப் பாயில் பத்து மணிவரைதான் கேட்டிருக்கிறார். அதன்பின் மைக்கில் அறிவிப்பு வரும்: தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குச் செல்லலாம். ஆட வந்த பெண்கள் மேடையில் இருக்கும்போதே, பார்க்க வந்த பெண்களைக் கலைத்துவிடுவார்கள். ‘அந்தப் பெண்களும் பெண்கள்தானே’ என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஈஸ்வரியைப் பற்றிப் பெண்ணிய விமர்சனம் நிறையவே பேசிவிட்டது. 1961இல் ‘பாசமலர்’ படத்தில் மணப்பெண்ணின் தோழிக்காகப் பாடியவர், 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் கிளப் ஆட்டக்காரிக்காகப் பாடினார். கதாநாயகிக்குப் பி. சுசீலா, கிளப்புக்கு ஈஸ்வரி என்று திரையுலகம் குரலைப் பாகம் பிரித்தது. மானுடவியலாளர் அமாண்டா வைட்மன், பின்னணிப் பாடகர்கள் குறித்து 2021இல் வெளியிட்ட நூலில் இந்தப் பிரிவினையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதே ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்கள் இல்லாமல் இன்றும் எங்கள் பக்கம் கோயில் பொங்கல் கிடையாது. லூர்து மேரி என்ற பெயரும் கொண்ட ஒரு பெண், மது மேசைக்கும் முளைப்பாரிக்கும் ஒருசேரப் பாடினார் என்பதை வியப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம்.

இந்த வாசிப்பு சரியானது, ஆனால் பாதிதான். பாடுகிறவளை எண்ணுகிறோம், கேட்கிறவளை எண்ணுவதில்லை. அந்தக் கிளப் காட்சிகளை மறுபடி பாருங்கள். மேசைகளில் யார் இருக்கிறார்கள்? கண்ணாடிக் கோப்பையோடு வில்லன், வேவு பார்க்க வந்த நாயகன், துணை நடிகர்கள். பெண் இருந்தால் யாரோ ஒருவரின் ஜோடியாக இருப்பாள். வேலை முடிந்தது, பாட்டுக் கேட்க வந்தேன் என்று தனியாக ஒரு மேசையில் அமர்ந்து, கேட்டு முடித்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்துபோகிற பெண்ணை நம் சினிமா கற்பனைகூடச் செய்யவில்லை.

திரைக்கு வெளியே, நிஜக் கிளப்பிலும் பேச்சு பாடகியைப் பற்றியதாகவே இருந்தது. 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில் உஷா ஐயர் என்ற இளம்பெண் சேலை கட்டிக்கொண்டு பாடினார். பின்னாளில் உஷா உதுப். அன்றிலிருந்து இன்றுவரை அவரைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தச் சேலை வந்துவிடும். பாடுகிறவள் ‘நம்ம வீட்டுப் பெண்’ என்ற சான்றிதழாகச் சேலை வேலை செய்தது. கேட்க வரும் பெண்ணுக்கு அப்படியொரு சான்றிதழ் இல்லை. சேலை கட்டிப் போனாலும் ‘யார் கூட வந்தீங்க?’ என்றுதான் கேட்பார்கள்.

ஆய்வுப் பணிக்காகச் சிங்கப்பூரில் சில மாதங்கள் இருந்தபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வெள்ளி, சனி மாலைகளில் எஸ்பிளனேட் அரங்குக்கு வெளியே, கடலோரத் திறந்த மேடையில் இலவசக் கச்சேரி நடக்கும். ஒரு வார இறுதியில் இரண்டு இரவும் போனேன். மலாய் இளைஞர்களின் இசைக்குழு ஒன்று, மறுநாள் ஜாஸ். எனக்கு ஜாஸ் புரியவில்லை. புரியாத ஒன்றைக் கேட்டபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க முடிவதே பெரிய சுகமாக இருந்தது. நள்ளிரவை ஒட்டிய கடைசி ரயிலில் திரும்பினேன். பெட்டியில் என்னைப்போலத் தனியாகப் பெண்கள் பலர் இருந்தார்கள்.

இதை வைத்து ‘வெளிநாட்டில் சுதந்திரம்’ என்று எழுத எனக்கு மனமில்லை. அதே நகரில் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு வார விடுப்பு என்ற விதியே 2013 தொடக்கத்தில்தான் வந்தது. அந்த நாளையும் பணம் கொடுத்து ஈடுகட்ட இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலைக்கு வாங்கக் கூடாது என்ற திருத்தம் 2023இல் வந்தது. சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை நான் பேசிய ஒரு அக்கா, இருட்டுவதற்குள் வேலை செய்யும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். கடல் தாண்டியும் அவருக்கு இரவுக்குறி வீட்டு எல்லைக்குள்தான். எனக்குக் கிடைத்த இரவு என் சம்பளத்துக்கும் அனுமதிச் சீட்டுக்கும் கிடைத்தது.

இங்கே சட்டம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்திருந்த பிரிவை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஷிஃப்டுக்குப் போகும் பெண்ணுக்கு கம்பெனி வேன் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. உழைக்கப் போகும் இரவுக்குக் காரணம் சொல்லிவிடலாம். பாட்டுக் கேட்கப் போகும் இரவுக்கு?

நம் பெண் எழுத்திலும் இந்த இடைவெளி இருக்கிறது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. பூட்டிய வீட்டுக்குள் பெண்களின் இரவை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன நாவல்கள் தமிழில் குறைவு. அந்தத் தலைமுறைக் கவிஞர்களிடமும் இரவு உண்டு: படுக்கை, தனிமை, உடல், கனவு. தெருவிலும் அரங்கிலும் கழித்த இரவைத் தேடித்தான் எடுக்க வேண்டும். என் தொகுப்புகளையும் புரட்டிப் பார்த்தேன். இரவு வரும் கவிதை எல்லாவற்றிலும் ஒரு ஜன்னல் இருக்கிறது.

போன பருவத்தில் முதுகலை மாணவிகளிடம், இரவு பத்துக்கு மேல் நேரில் கேட்ட இசை எது என்று எழுதித் தரச் சொன்னேன். கல்யாண ரிசப்ஷன் என்றார்கள் பலர். சிவகாசியிலிருந்து வரும் இருவர் கிறிஸ்துமஸ் கேரல் பவனி என்றார்கள். சர்ச் அண்ணன்மாரோடு வேனில். மொட்டை மாடியிலிருந்து கேட்ட கோயில் கச்சேரி என்று எழுதியவர்களே அதிகம். வெம்பக்கோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி மட்டும் தன் சித்தியைப் பற்றி எழுதியிருந்தாள். சித்தி பகலில் சரம் பின்னப் போகிறவள். பொங்கல் அன்று ஈஸ்வரி பாட்டும் உறுமியும் சேர்ந்து கேட்டதும் சாமி வந்துவிடும். நள்ளிரவிலும் தலைவிரித்து ஆடுவாள், மேளக்காரரை அதட்டி இன்னும் அடிக்கச் சொல்வாள். ஒருவரும் மணி பார்க்க மாட்டார்கள். சாமி மலையேறியதும் தண்ணீர் கொடுத்து, இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். அதற்குப் பிறகுதான் பொட்டலில் ஆடல் பாடல் தொடங்குமாம்.