நூற்றுக்கு நூறு நேர்முகம்

2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிமுறைகளை எதிர்த்துத் தமிழ்நாட்டில் எழுந்த சண்டை பெரும்பாலும் துணைவேந்தர் நியமனம் பற்றியது. நியாயமான சண்டை. ஆனால் வரைவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட ஒரு வாதம் அந்தச் சந்தடியில் தப்பிவிட்டது: ஆசிரியர் தேர்வை எண்களின் பிடியிலிருந்து மீட்கிறோம் என்பது.

எண்களால் கேடு விளைந்தது உண்மைதான். கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்றானதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் மழைக்காளானாய் முளைத்தன.

ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பதில் அந்த மீட்பு 2018லேயே நடந்து முடிந்துவிட்டது. மானியக் குழுவின் 2010 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் தேர்வில் கல்வி, ஆய்வுத் தகுதிக்கு 50 விழுக்காடு. பாட அறிவுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் 30. நேர்முகத்துக்கு வெறும் 20. 2018 விதிகளிலும் பட்டம், முனைவர் பட்டம், நெட் தகுதித் தேர்வு, கட்டுரை, அனுபவம் எல்லாவற்றுக்குமாக 100 புள்ளி அட்டவணை உண்டு. அது அழைப்புக் கடிதத்தோடு சரி. அறைக்குள் நுழைந்துவிட்டால் எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். தேர்வு நேர்முகத்தை மட்டுமே வைத்து.

அறையில் இருப்பவர்கள் யார்? பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரோ அவர் அனுப்பியவரோ தலைவர். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து பாட வல்லுநர் மூவரைப் பொறுக்குபவரும் துணைவேந்தரே. மதிப்பெண் படிவத்தில் எல்லாரும் கையெழுத்திடுகிறார்கள். அது கோப்புக்குள் போய்விடுகிறது. எதற்காக எத்தனை மதிப்பெண் என்பது விண்ணப்பித்தவருக்குப் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. பல ஆண்டுகளாக நான் ஆட்சேபிப்பது இதைத்தான். இடஒதுக்கீட்டுப் பணியிடங்களைத் 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதிக் காலியாகவே விடுவதாகப் புகார் நாடாளுமன்றம்வரை போனது. தகுதி இருக்கிறது என்று அட்டவணை போட்டு அழைத்த பல்கலைக்கழகமே, சில நிமிடப் பேச்சுக்குப் பிறகு தகுதி இல்லை என்கிறது. இதைத் தர மதிப்பீடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளைப் பாருங்கள். நான்கு மாத நியமனம், ஒருநாள் இடைவெளி, மறுபடி நான்கு மாதம் என்று பத்தாண்டுக்கு மேல் ஓட்டிய அட்ஹாக் (தற்காலிக) ஆசிரியர்கள் அங்கே உண்டு. 2022க்குப் பிறகு நிரந்தரப் பணியிடங்களுக்கான நேர்முகங்கள் மும்முரமாயின. தாம் பாடம் நடத்திக்கொண்டிருந்த இடத்துக்கே விண்ணப்பித்துப் பலர் வெளியே வந்தார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது தெரியாது; தெரிந்துகொள்ளும் வழியை எவரும் வைக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

வழி இல்லாமலில்லை. விண்ணப்பித்தவரை மாணவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லலாம். அதைத் துறையே உட்கார்ந்து பார்க்கலாம். ஒவ்வொருவர் பெற்ற மதிப்பெண்ணையும் அதற்கான இரண்டு வரிக் காரணத்தையும் அன்று மாலையே பலகையில் ஒட்டலாம். ஆனால் 2025 வரைவு மூடிய அறையைத் தொடவில்லை. வாசலில் இருந்த அட்டவணையைத்தான் அகற்றப் பார்க்கிறது.