ஹாலண்டுக்குக் கைதட்டல், மாணவனுக்கு?

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட படங்கள் பல உண்டு. சிலவற்றில் பள்ளி இருக்கும், பாடம் இராது. சிலவற்றில் பாடம் இருக்கும், படிப்பவன் இரான்! 1995-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓபஸ்’ அத்தகையதன்று. ஸ்டீபன் ஹெரெக் இயக்க, ரிச்சர்ட் டிரைஃபஸ் நடித்த அப்படத்தை அண்மையில் நம் மாணவர்களோடு அமர்ந்து பார்த்தோம். கண்டோம், களித்தோம், கண் கலங்கவும் செய்தோம். படம் முடிந்தபின் மாணவர்கள் கேட்ட கேள்விகளோ, கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்க்கச் செய்தன.

கதை எளியது. பெரும் இசைப்படைப்பு ஒன்றை ஆக்கிப் புகழ்பெற விழைகிறான் கிளென் ஹாலண்ட் எனும் இளைஞன். வயிற்றுப்பாட்டுக்காக, சில ஆண்டுகள் மட்டும் என்று எண்ணி, 1965-இல் ஓரிகன் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இசையாசிரியனாகிறான். சில ஆண்டுகள் முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995-இல், பணமில்லை என்று கூறி, இசைப் பாடத்தையும் அவரையும் ஒருசேர வெளியேற்றுகிறது நிர்வாகம்.

முதல் வகுப்பைப் பாருங்கள். இசை என்றால் என்ன என்று கேட்கிறார் ஆசிரியர். நாற்காலி நிறைய மாணவர், நாவசைப்போர் எவருமில்லர். பாடநூலைப் புரட்டுகிறார், அவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். மாதங்கள் பல கழிந்தபின் ஒருநாள், அவர்கள் வானொலியில் கேட்டு மகிழும் காதற்பாட்டு ஒன்றைப் பியானோவில் வாசித்து, இதன் மெட்டு பழைய நடன இசையிலிருந்து வந்தது என்று காட்டுகிறார். வகுப்பு விழித்துக்கொள்கிறது. (அந்நடன இசை பாக் இயற்றியது என்பது படத்தில் ஆசிரியர் கூறுவது. அது பெட்ஸோல்டு என்பாருடையது என்று ஆய்வாளர் பின்னர்க் கண்டனர். 1965-இல் பாடம் நடத்தியவரைக் குறை கூறுவதற்கில்லை.)

“கட்டாயப் பாடம் என்றாலே கசப்புத்தானே, ஐயா! விரும்புகிறவன் மட்டும் இசை படித்தால் போதாதா?” என்றான் நம் மாணவன் ஒருவன். கேள்வி நேர்மையானது. அந்த முதல் வகுப்பு அவனுக்குச் சான்றாகவும் நிற்கிறது. ஆனால் அதே படத்தில் லூயிஸ் ரஸ் என்றொரு கறுப்பின மாணவன் வருகிறான். விளையாட்டில் வல்லவன், மதிப்பெண்ணில் மெலிந்தவன். தேர்ச்சிக் கணக்கு குறைந்தால் விளையாட்டில் இடமில்லை. ஆகவே பயிற்சியாளர் அவனை இசைக்குழுவில் சேர்த்துவிட மன்றாடுகிறார். லூயிஸ் இசையை விரும்பி வரவில்லை, தள்ளப்பட்டு வந்தான். தாளம் பிடிபடவில்லை. ஆசிரியர் அவன் காலைத் தட்டுகிறார், தலையைத் தட்டுகிறார், அலுத்துப் போகிறார், மறுபடி தொடங்குகிறார். ஒருநாள் கை தாளத்தில் விழுகிறது! பெருமுரசைச் சுமந்து அவன் வீதி அணிவகுப்பில் வருகையில், ஓரத்தில் நின்று பார்க்கும் அவன் குடும்பத்தார் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, நம் கருத்தில் படத்தின் சிறந்த காட்சி.

கட்டாயம் இன்றேல் அந்த மலர்ச்சி இல்லை. எனவே கட்டாயம் நன்று என்று கூறிவிடலாமா? கூடாது. கொட்டாவி விட்ட வகுப்பும் கட்டாயத்தின் பிள்ளைதான். நாம் சொன்ன விடை இது: இசை கற்பிக்க வேண்டும் எனும் கட்டாயம் அரசுக்கு இருக்கட்டும், எதை இசைப்பது, எவ்வளவு இசைப்பது எனும் விருப்பம் மாணவனுக்கு இருக்கட்டும். கேட்டவன் முழுதும் ஒப்பவில்லை. அது அவன் உரிமை.

லூயிஸை அடுத்துக் காணும்போது அவன் உயிரோடில்லை. வியட்நாம் போரில் மாண்டு, சவப்பெட்டியில் திரும்புகிறான். அவன் தாளம் கற்றது ஆசிரியரின் வெற்றியாகவும், அவன் இறந்தது ஆசிரியரின் துயரமாகவும் காட்டப்படுகின்றன. அவன் எண்ணம் என்ன, அவனுக்கு அந்த முரசு என்னவாக இருந்தது என்று படம் கேட்கவே இல்லை. அமெரிக்க வரலாறு வேறு கதையும் சொல்கிறது. சிகாகோவில் 1935-இல் திறக்கப்பட்ட டுசாபிள் உயர்நிலைப் பள்ளியில், கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கு வால்டர் டயட் எனும் ஆசிரியர் கண்டிப்போடு இசை பயிற்றினார். ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன் எனும் ஜாஸ் மேதைகள் அப்பள்ளியின் மாணவர்கள். செல்வர் வீட்டுக் கூடத்தில் அல்ல, பொதுப்பணத்தில் நடந்த பள்ளியில் மலர்ந்த கலை அது! லூயிஸுக்கு ஒரு தாளமும் ஒரு கல்லறையும் போதுமென்று எண்ணிய கதாசிரியர் இதை எண்ணியிருக்கலாம்.

இறுதிக் காட்சிக்கு வருவோம். விடைபெறும் ஆசிரியருக்காகப் பழைய மாணவர்கள் மண்டபம் நிறையக் கூடியிருக்கின்றனர். கெர்ட்ரூட் லாங் வருகிறாள். ஒருகாலத்தில் கிளாரினெட்டை ஊத அறியாது கண்ணீர் விட்ட சிறுமி. இன்று மாநில ஆளுநர்! அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். மேலிருந்து அனுப்பப்படுகிறவர் அல்லர். அவர் ஆசிரியரைப் போற்றிப் பேசுகிறார். கிளாரினெட்டைக் கையில் எடுக்கிறார். ஹாலண்ட் ஆக்கிய இசை முழங்குகிறது. அரங்கம் அழுகிறது. நம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் கேட்டாள்: “ஆட்சியே அவர் கையில் இருக்கிறதே, ஐயா! அந்த வகுப்பை ஏன் அவர் மீட்டுத் தரவில்லை?”

முப்பதாண்டுக் கதையைச் சாய்த்துவிட்டது அந்த ஒரு கேள்வி!

படம் குற்றவாளியாகக் காட்டுவது தலைமையாசிரியர் வோல்ட்டர்ஸை. அவர் கடுமுகத்தார், வெறுக்க எளியவர். மெய்யான ஓரிகனில் நிகழ்ந்ததோ வேறு. 1990-இல் அம்மாநில வாக்காளர்கள் ‘ஐந்தாம் முன்மொழிவு’ எனும் வரிக் குறைப்பை ஏற்றனர். ஆயிரம் டாலர் சொத்துக்குப் பள்ளிக்கென வாங்கும் வரி, 1991-92-இல் 15 டாலருக்கு மிகக்கூடாது. படிப்படியாகக் குறைந்து 1995-96-இல் 5 டாலருக்கு மிகக்கூடாது. பள்ளிச் செலவின் பெருஞ்சுமை மாநிலக் கருவூலத்தின் தோளில் ஏறியது. அதாவது, அந்த ஆளுநரின் தோளில்! கதையின் ஹாலண்ட் வேலையிழப்பதும் அதே 1995-இல். ஆயினும் வரி எனும் சொல்லுக்குப் படத்தில் இடமில்லை. மண்டபத்தில் அழுதவர்களுள் எத்தனை பேர் அதற்கு வாக்களித்திருப்பர் என்று எண்ணிப் பார்த்தோம். சிரிப்பு வந்தது, நீடிக்கவில்லை.

பின்னர் 2002-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், வாசிப்புக்கும் கணக்குக்கும் ஆண்டுதோறும் தேர்வு வைத்தது. பல பள்ளிகளில் இசைக்குரிய நேரம் சுருங்கியது. 2022-இல் கலிபோர்னிய வாக்காளர்கள், கலைக்கும் இசைக்கும் தனி நிதி வேண்டுமென்று வாக்களித்தனர். வாக்குச்சீட்டால் பூட்டிய கதவை வாக்குச்சீட்டால் திறக்கலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

டிரைஃபஸின் நடிப்பைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. முப்பதாண்டு முதுமையை முகப்பூச்சால் மட்டுமன்றி நடையாலும் காட்டுகிறார். காது கேளாத மகனிடம் தோற்று, பிறகு அவனுக்காக ஒளியையும் கையசைவையும் இசையோடு சேர்க்கும் பகுதி உண்மையாகவே உருக்குகிறது. படத்துக்கு இசையமைத்த மைக்கேல் கேமன், 1996-இல் அப்படத்தின் பெயரிலேயே அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, இசைக்கருவி வாங்க இயலாப் பள்ளிகளுக்குக் கருவிகள் கிடைக்கச் செய்தார். பாராட்டுகிறோம். பெட்டியில் வந்திறங்கும் கிளாரினெட்டை எடுத்துக் கொடுத்து, ஊதக் கற்பிக்கும் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் யார் தருவது என்றும் அந்த மாணவி கேட்டாள். மணியடித்துவிட்டது, அதை அடுத்த வகுப்புக்கு வைத்திருக்கிறோம்.