சின்-கீ வரும்போது சிரிப்பது யார்?

ஜீன் லுயன் யாங் எழுதி வரைந்த 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' (2006), அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் அடையாளம் பற்றிப் பேச அடிக்கடி எடுக்கிற கிராஃபிக் நாவல். குரங்கு அரசன், ஜின் வாங், டேனி என மூன்று கதைகள், கடைசியில் ஒன்றாகிவிடும். "நீ நீயாகவே இரு" என்று நீதி சொல்லி முடித்துவிட வசதியான புத்தகம். எனக்கு அது போதவில்லை.

புத்தகத்தின் உயிர் சின்-கீ என்ற பாத்திரத்தில் இருக்கிறது. துருத்திய பல், பின்னல் சடை, கொச்சை ஆங்கிலம்: சீனர்களைக் கேலி செய்த பழைய சித்திரங்களின் மொத்த உருவம். அவன் வரும் பக்கங்களில், டிவி காமெடித் தொடர் மாதிரி, கட்டங்களுக்கு அடியில் சிரிப்பொலியும் அச்சாகியிருக்கும்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளை சிரிச்சிடும். யாங் விரித்த வலையே அதுதான். ஆனா அதே வகுப்பில் சீன வீட்டுப் பிள்ளை ஒன்று மட்டும் இருந்தால்? வலை அதன் மேல்தான் விழும்.

அதனால் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த 1882 சட்டத்தையும், அந்தக் காலத்துக் கேலிச் சித்திரங்களையும் முதலில் காட்டணும். சின்-கீயின் வசனத்தை யாரையும் உரக்க வாசிக்க வைக்கக் கூடாது. அப்புறம் கேட்கலாம்: அந்தச் சிரிப்பை யாங் ஏன் அச்சடித்தார்? நீதியை ஆசிரியர் சொல்லத் தேவையிருக்காது.