மலையும் முகமும்

எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் பெயரில்தான் மலை இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் தென்னை மரங்களும் தண்ணீர்த் தொட்டிகளும், எட்டத்தில் அடையாற்று முகத்துவாரமும் தெரியும். மலை வேண்டுமானால் பரங்கிமலைக்குப் போக வேண்டும். அதையும் ஒரு மரியாதைக்காகத்தான் மலை என்கிறோம். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஸிம்லா மலைக்காரர்களின் முகங்களைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு யோக்கியதைதான். நானும் அடுத்தவர் முகங்களை எழுதிப் பிழைப்பவன்.

நண்பர் ஒருவர் அம்ருதா ஷெர்கில்லின் சித்திரத் தொகுப்பை எனக்கு இரவல் கொடுத்து ஒரு மாதமாகிறது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அம்ருதா 1913-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். தந்தை பஞ்சாபிச் சீக்கியப் பிரபு, தாய் ஹங்கேரிக்காரி. 1921-ல் குடும்பம் ஸிம்லாவுக்கு வந்தது. பதினாறு வயதில் பாரிஸுக்குப் படிக்கப் போய், 1934 கடைசியில் திரும்பினார். 1941 டிசம்பரில் லாகூரில் இறந்தபோது வயது இருபத்தெட்டு. என் இருபத்தெட்டாவது வயதில் நான் என்ன எழுதியிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன்.

ஸிம்லாவில் வளர்ந்தவர் என்பதால் புத்தகத்தைப் புரட்டுமுன் பனிமலைகளை எதிர்பார்த்தேன். ஏமாற்றந்தான். ஊருக்குத் திரும்பியதும் அவர் வரைந்தது மலையை அல்ல, மலை ஜனங்களை. 1935-ல் எழுதிய 'மலைநாட்டுப் பெண்க'ளில் அவர்கள் ஒருவரையொருவர் ஒட்டினாற்போல் நிற்கிறார்கள். நீண்ட முகங்கள்; கண்கள் தாழ்ந்திருக்கின்றன. ஒருத்தி வாயும் பேசாது. 1978-ல் தபால் தலையாகவும் வந்த சித்திரம் அது. "யுக யுகமான சோகம்" என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு எங்கள் தெரு முனையில் பெட்டி போடுகிற அம்மாள் துணி கொடுக்க வந்தாள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் பிறந்தவள். விரித்து வைத்திருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இவங்களைப் பாத்தா என்ன தோணுது, அம்மா?" என்றேன்.

"மலைக்காரங்களா சார்?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ணு கீழ இருக்குதே. சுள்ளிக்கட்டைத் தூக்கிக்கிட்டு எறங்கறவங்க காலடியைத்தான் பாப்பாங்க. நிமிந்தா கால் வழுக்கிடும்."

துணியை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் "யுக யுகமான சோகம்" அசடு வழிந்துகொண்டு நின்றது.

ஆனால் விமர்சகன் என்றால் கொஞ்சம் பிடிவாதம் வேண்டுமல்லவா? பக்கங்களைத் திருப்பினேன். அதே 1935-ல் வரைந்த 'மூன்று பெண்கள்' இருந்தது. பல வருஷங்களுக்கு முன் தில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில், தேசிய நவீன கலைக்கூடத்தில், அதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். சிவப்பும் பச்சையும் அப்படியே மனசில் ஒட்டிக்கொள்ளும். அதில் இருப்பவர்கள் சுள்ளி பொறுக்குகிறவர்கள் அல்ல. அம்ருதாவின் உறவுக்காரப் பெண்கள், வசதியான வீட்டுப் பெண்கள். மலையும் இல்லை, வறுமையும் இல்லை. இருந்தும் அதே தாழ்ந்த கண்கள்! ஆக, அந்தச் சோகம் மலையினுடையதும் அல்ல, ஏழ்மையினுடையதும் அல்ல. பாரிஸிலிருந்து திரும்பிய இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சோகம். அதை அவர் கண்ணில் பட்டவர் முகத்திலெல்லாம் பூசிவிட்டார்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றம் என்றால் என்னுடையது இன்னும் பெரியது. என் முதல் நாவலில் ஒரு வேலைக்காரி வருவாள். பெருமூச்சு விடாமல் அவளால் ஒரு பாத்திரத்தைக்கூடத் துலக்க முடியாது. "அவள் சிரிக்கவே மாட்டாளா, ஐயா?" என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தாள். சமூக உணர்ச்சி இல்லாதவள் என்று அப்போது அவளை மனசுக்குள் திட்டினேன். உண்மையில் அந்தப் பெருமூச்சு முழுவதும் என்னுடையது. பாவம், துலக்குகிற வேலையோடு அதையும் அவள் சுமந்தாள்.

எனக்கும் அம்ருதாவுக்கும் உள்ள வித்தியாசம், அவர் சீக்கிரமே வழி கண்டுகொண்டார் என்பதுதான். 1936 கடைசியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அஜந்தாவைப் பார்த்தார், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்ச் சித்திரங்களைப் பார்த்தார், கன்னியாகுமரி வரை வந்தார். ஸிம்லாவுக்குத் திரும்பியபின் 1937-ல் 'பிரம்மசாரிகள்', 'மணப்பெண்ணின் அலங்காரம்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்று மூன்று பெரிய சித்திரங்களை வரைந்தார். நம் வெயிலை ஸிம்லாக் குளிரில் உட்கார்ந்து ஞாபகத்தில் எழுப்பியிருக்கிறார்! 'பிரம்மசாரிகள்' சித்திரத்தில் பூணூலும் வெள்ளை வேட்டியுமாக ஐந்து பையன்கள். ஒருவன் மேனி நிறம் இன்னொருவனுக்கு இல்லை. வேட்டியின் வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை! இவர்களுக்காக ஓவியர் இரக்கப்படவில்லை. பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கிராமத்தார் சித்திரம் அந்த அளவுக்கு என்னைத் தொடவில்லை. கறுத்த மேனியும் வெள்ளைத் துணியும் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்பாடு செய்யப்பட்டவை என்று தோன்றுகிறது. தெற்கத்தியான் என்பதால் எனக்கு அப்படிப் படலாம்.

1938-ல் வரைந்த 'மலைக் காட்சி'யில்தான் மலை கடைசியாக வருகிறது. அதில் ஆட்கள் சிறுத்துவிட்டார்கள். கண்களைத் தேடினால் அகப்படாது. சோகமா சந்தோஷமா என்று நாம் தீர்ப்புச் சொல்ல இடமே இல்லை. பெரிய முகங்களைப் புகழ்கிறவர்கள் இந்தச் சின்னச் சித்திரங்களை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இவைதான் உசத்தி.

உயிரோடு இருந்தபோது அவருடைய சித்திரங்கள் அதிகம் விலைபோகவில்லை. 2023-ல் 'கதைசொல்லி' என்ற ஒரு சித்திரம் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போயிற்று. இதைப் பெட்டி போடுகிற அம்மாளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை அவள் வந்தபோது 'மலைக் காட்சி'யைக் காட்டினேன். விரலால் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று வெகு நேரம் பார்த்தாள்.

"மத்தியானமா, சாயங்காலமா சார்?" என்று கேட்டாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.