யாளியும் இயந்திரமும்: சுஜாதாவின் அறிவியற் புனைகதைகள்

இளம்பிள்ளையில் தறியொலி கேளாத தெரு அரிது. ஜக்கார்டு பெட்டியிலிருந்து கோவையாகத் தொங்கும் துளை அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, சேலையின் முந்தானையில் அன்னப்பட்சியும் யாளியும் இழை இழையாக உருப்பெறுவதைச் சிறுவயது முதலே கண்டு வளர்ந்தவர்கள் நாம். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு நூல் மேலெழும். துளையில்லாத இடத்தில் நூல் அப்படியே நிற்கும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் செப்பம் செய்த இம்முறையே, பின்னாளில் சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயருக்குக் கணக்கிடும் பொறியைப் பற்றிய சிந்தனையைத் தந்தது. இன்று பல தறிகளில் அட்டையின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. ஆயினும் நெய்யப்படும் உருவம் அதே யாளிதான்! ஒருவரும் கண்ணால் காணாத ஒரு விலங்கை நெய்வதற்கு மனிதன் தன் மிகக் கூரிய கணக்கைச் செலவிட்டிருக்கிறான்.

இயந்திரமும் கற்பனை விலங்கும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு உரியது, மற்றொன்று பாட்டிக் கதைக்கு உரியது என்பது அவர்கள் எண்ணம். தமிழில் அறிவியற் புனைகதையைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டு சேர்த்த சுஜாதாவின் (1935–2008) எழுத்தை அளக்கப் புகும்போது, இந்தப் பிரிவினை பொருந்தாது என்பது எளிதில் விளங்கும்.

அதற்கு முன், அளவுகோல் ஒன்று வேண்டும். சில மாதங்களுக்கு முன் வெளியூர் நண்பர் ஒருவரோடு, அருகிலுள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களைக் காணச் சென்றிருந்தேன். என் இளைய மகனும் உடன் வந்தான். அங்குள்ள யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. விரலால் தள்ளினால் உருளும்; வெளியே எடுக்க வாராது. பையன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அத்தா, யாளி உண்மையா?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். "அப்படியானால் இந்தக் கல் எப்படி உள்ளே போயிற்று?" என்றான். அது வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. யாளியைச் செதுக்கும்போதே, அதே கல்லிலிருந்து, வாய்க்குள்ளேயே உருண்டையும் செதுக்கப்பட்டது என்று விளக்கினேன். அவன் வியப்பு குறையவில்லை, இன்னும் கூடிற்று. பொய்யான விலங்கு ஒன்று மெய்யான அறிவுக்கு அவனை அழைத்துச் சென்றுவிட்டது.

இவ்விடத்தில் அல்ஜஸரியை நினையாமல் இருக்க இயலாது. தியார்பக்கரில் அர்துக்கிய மன்னர்களின் அவையில் பணியாற்றிய இப்பொறியியல் மேதை, 1206-ஆம் ஆண்டு எழுதி முடித்த நூலில் ஒரு யானைக் கடிகாரத்தை விவரிக்கிறார். யானை இந்தியாவை நினைவூட்டுவது; அதன்மேல் உள்ள பறவைநாகங்கள் சீனத்தை நினைவூட்டுபவை. யானையின் வயிற்றிலுள்ள தொட்டியில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கும். அரைமணி நேரத்தில் அது நிறைந்து மூழ்கும். அப்போது பருந்தின் அலகிலிருந்து ஓர் உலோகக் குண்டு, பறவைநாகத்தின் வாயில் விழும். பாரத்தால் நாகம் தலை தாழ்ந்து, குண்டைக் கீழேயுள்ள கலத்தில் இடும். தாழும்போதே, மூழ்கிய கிண்ணத்தை மேலே இழுத்துவிட்டு மறுபடியும் நிமிரும். கடிகாரம் அடுத்த அரைமணிக்கு ஆயத்தமாகிவிடும்.

இங்கே பறவைநாகம் அழகுக்காக ஒட்டிவைத்த பொம்மையன்று. அதை நீக்கினால் கடிகாரமே நின்றுபோகும். அற்புதக் கதையை அளக்கும் கோலும் இதுவே என்பது எம் துணிபு. கதையில் வரும் அற்புதம் வேலை செய்கிறதா, அல்லது வெறுமனே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதா?

இக்கோலைக் கொண்டு சுஜாதாவை அளப்போம். எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய இவர் தொழிலால் பொறியாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியில் பெரும்பங்கு ஆற்றியவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' அவருடைய அறிவியற் புனைகதைகளில் தலையாயது. கதை நிகழும் ஆண்டு 2021. நாட்டை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பெயரிலும் இரண்டெழுத்துக்குமேல் கூடாது. இறுதியில் வெளிப்படும் உண்மை யாதெனில், ஜீவா என்றொரு மனிதனே இல்லை என்பதுதான். மக்கள் அஞ்சி வணங்கியது ஒளியால் ஆன ஒரு பொய்யுருவை!

பழங்கதைகளில் வீரன் வாளெடுத்துப் பறவைநாகத்தை வெட்டுவான். சுஜாதாவின் நாகத்துக்கு உடம்பே இல்லை. அதை வெட்ட வாள் பயன்படாது, அறிவு ஒன்றுதான் பயன்படும். ஜீவாவை நீக்கினால் அந்த அரசு இல்லை, கதையும் இல்லை. அல்ஜஸரியின் நாகத்தைப் போலவே இங்கும் அற்புதம் பாரம் தாங்குகிறது.

மூஸா நபி (அலை) அவர்கள் மலைக்குச் சென்றிருந்தபோது, சாமிரி என்பவன் நகைகளை உருக்கிச் செய்த கன்று ஒலியெழுப்பிய வரலாறு நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்தது. ஒலி கேட்ட மாத்திரத்தில் மக்கள் பணிந்தனர். செய்பொருள் ஒன்று பேசுவதுபோல் தோன்றினால் அதன்முன் பணிந்துவிடும் மனித இயல்பு அன்று தொட்டு மாறவில்லை. சுஜாதா இதனை நன்கு உணர்ந்திருந்தார். ஆதலால்தான் பொய்யுரு கலைந்த பின்னும் அவர் கதையில் அடிமைத்தனம் முடிவதில்லை. அடுத்த நூலான 'மீண்டும் ஜீனோ'வில், நிலா என்ற பெண்ணை அரசியாக முன்னே நிறுத்திப் பின்னிருந்து வேறு சிலர் ஆள்கின்றனர். உருவம் உடைந்தாலும் பணிகின்ற மனம் உடையவில்லை.

ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியும் இவ்வாறே வேலை செய்கிறது. புத்தகம் படிக்கிறது, கேள்வி கேட்கிறது, எசமானரையே ஐயுறுகிறது. ஆனால் இங்கேதான் ஒரு குறையும் தென்படுகிறது. சிந்திக்கும் பொறுப்பு முழுவதையும் நாய்க்குட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, நிலாவை வியந்து நிற்பவளாகவும் காப்பாற்றப்படுபவளாகவுமே பெரும்பகுதி வைத்துவிட்டார். உயிரற்றது வளர்கிறது, உயிருள்ளவள் வளரவில்லை. கதையைப் படிக்கும் நம் பெண்மக்கள் இதனைக் கவனியாமல் இருக்கமாட்டார்கள்.

'கொலையுதிர் காலம்' வேறு வகையான சோதனை. நிகழ்வன பேயின் செயலா, விஞ்ஞான ஒளிப்படத்தின் செயலா என்ற வினாவைக் கடைசிவரை இழுத்துச் சென்று, வாசகனே தீர்ப்புச் சொல்லும்படி விட்டுவிடுகிறார். இதனைக் குறை என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. எப்படி நடந்தது என்று கேட்கும் பழக்கத்தை வாசகனிடம் உண்டாக்கியதே அந்நூலின் வெற்றி.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, சுஜாதாவும் உரையாடல் எழுதிய 'எந்திரன்' திரைப்படம். அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப்பின், 2010-இல் வெளிவந்தது. அதன் இறுதிக்காட்சியில் நூற்றுக்கணக்கான இயந்திர மனிதர்கள் ஒன்றுசேர்ந்து பெரியதொரு பாம்பாக உருவெடுக்கின்றனர். உண்மையான பறவைநாகத்துக்கு மிக அருகில் நம் திரை வந்தது அப்போதுதான். ஆனால் அந்தப் பாம்புக்குக் கதையில் வேலை யாது? வியக்கவைத்தல் ஒன்றே. அது பாம்பாகாமல் வேறு எதுவாக ஆகியிருந்தாலும் கதை மாறியிராது. ஏட்டில் சிறிய நாய்க்குட்டி தாங்கிய பாரத்தைத் திரையில் பெரிய பாம்பு தாங்கவில்லை.

அற்புதக் கதை நமக்குப் புதிதன்று. 'அல்ஃப் லைலா'வில் செப்பு நகரத்துக்கு வழி காட்டுவது திரும்பிச் சுழலும் ஒரு செப்புக் குதிரைவீரன். கருங்காலிக் குதிரை வானில் ஏறுவது ஒரு முளையைத் திருகுவதால். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அச்செப்பு நகரக் கதையை அரபுத்தமிழுக்குக் கொணர்ந்தார்கள். கல்வியிற் சிறந்த அம்மகான் கற்பனைக் கதையை இழிவாகக் கருதவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசித் திரையில் பறவைநாகங்கள் நெருப்பு உமிழ்கின்றன. கேட்ட கேள்விக்கெல்லாம் இயந்திரம் பேசி விடையளிக்கிறது. இவற்றைக் கண்டு அஞ்சி, கதைப் புத்தகத்தையே பறித்து வைக்கும் பெற்றோரும் உண்டு. எதையும் கேளாமல் விட்டுவிடும் பெற்றோரும் உண்டு. இருவருக்கும் சுஜாதாவின் நூல்கள் பயன்படும். பிள்ளை படித்து முடித்ததும் அருகில் அமர்த்தி ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை இயக்குகிறவர் யார்?" ஜீவாவின் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தோர் அரிது. கேட்டது ஒரு நாய்க்குட்டி.

தாரமங்கலத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, என் மகன் பக்கத்து வீட்டுத் தறியருகே நின்று, முந்தானையில் உருவாகும் யாளியைப் பார்க்காமல், மேலே திரும்பும் அட்டைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கதை செய்யவேண்டிய வேலையும் அதுவே.