மூதறிஞரின் மதுவிலக்கு: ஒரு மதிப்பீடு

இராஜாஜியை எடைபோடுவோர் 1938-இன் கட்டாய இந்தியையும் 1953-இன் கல்வித் திட்டத்தையுமே தராசில் வைக்கின்றனர். அவை பிழைகளே, நாம் மறுக்கவில்லை. ஆயின் மறு தட்டில் மதுவிலக்கும் இருத்தல் வேண்டும்.

திருமறை மதுவை ஒரே நாளில் தடுக்கவில்லை. உள்ளங்களைப் படிப்படியாகப் பக்குவப்படுத்திய பின்னரே முற்றாக விலக்கிற்று. இராஜாஜியும் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 1929-இல் 'விமோசனம்' இதழால் முதலில் மக்களிடம் பேசினார். 1937 அக்டோபரில், நாமக்கல்லும் அடங்கிய அன்றைய சேலம் ஜில்லாவில் சட்டம் செய்தார்.

கள்ளுக்கடை வருவாய் போனதற்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி வந்தது. 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது, வரியோ தளரவில்லை. பின்வந்தோர் அவரிடமிருந்து வரியைக் கற்றனர். வரியின் காரணத்தைக் கற்கவில்லை. அவர்தம் மரபின் துயரம் இதுவே என்பது நம் துணிபு.