நாட்டுப்பாடலும் நாட்டுப்பண்ணும்

1

2023 மார்ச் 13, திங்கட்கிழமை காலை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை. 'இந்தியா வென்றது' என்று டி.வி. அலறிக்கொண்டிருந்தது. 'நாட்டு நாட்டு'வுக்கு ஆஸ்கர். இந்தியப் படமொன்றின் பாட்டுக்கு இந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை (2009இல் ரஹ்மான் வாங்கியது பிரிட்டிஷ் படத்துக்காக). சாவு மேளம் அடிக்கப் போகிற பையன் ஒருவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்: "ஏண்ணே, இத யாரு அனுப்புனது? கவர்மெண்டா?"

சரியான கேள்வி. பதில்தான் விசித்திரமானது. இந்தியா அனுப்பியது வேறொன்றை. அயல்மொழிப் படங்களுக்கான பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒரே படம். அதைத் தேர்ந்தெடுப்பதும் அரசு அல்ல, இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு என்கிற தொழில்முறை அமைப்பு. 2022இல் அதன் தேர்வு பான் நளினின் குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ'. அது பதினைந்து படங்களின் பட்டியல்வரை போய் நின்றுவிட்டது. தமிழும் இந்த வரிசையில் நின்றிருக்கிறது: 1969இல் 'தெய்வ மகன்', 1987இல் 'நாயகன்', 2016இல் 'விசாரணை', 2021இல் 'கூழாங்கல்'. எதுவும் இறுதி ஐந்தை எட்டவில்லை. பாட்டுப் பிரிவிலோ நாடு என்கிற பேச்சே கிடையாது. படத்தை எடுத்தவர்கள் விண்ணப்பிக்கிறார்கள், அகாதெமியின் இசைக்கலைஞர்கள் சலிக்கிறார்கள், உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள். ராஜமௌலியின் படத்தைத் தூக்கி நிறுத்தியது அமெரிக்க மறுவெளியீடும் விளம்பரப் பிரச்சாரமும். தேசம் கடைசியில் வந்து கையெழுத்துப் போட்டது. அவ்வளவுதான்.

ஆக, 'தேசம் ஒரு கற்பிதம்' என்று நாம் பேசிப் பேசித் தேய்த்த வாசகத்துக்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. கற்பிதம் செய்யும் வேலையைக்கூடத் தேசம் இப்போது சந்தைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது.

2

தெலுங்கில் 'நாட்டு' என்பது நம் 'நாட்டுக்கோழி'யில் வருகிற நாட்டுதான்: மண்ணுக்குரியது, பட்டிக்காட்டுத்தனமானது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். 'நாட்டுப்பாடல்' என்றால் பெயர் தெரியாத சனங்களின் பாட்டு. 'நாட்டுப்பண்' என்றால் எழுந்து நின்று பாட வேண்டிய பாட்டு. முன்னதைப் பின்னதாக்கும் வேலைக்குத்தான் 'தேர்வு' என்று பெயர். யார் தேர்ந்தெடுத்தது என்பது சின்னக் கேள்வி. தேர்ந்தெடுக்கும்போது பாட்டிலிருந்து எது சுரண்டி எடுக்கப்படுகிறது என்பதே பெரிய கேள்வி.

'நாட்டு நாட்டு' பாட்டில் வெள்ளைக்காரச் சீமான்களின் விருந்துப் புல்வெளியில் இரண்டு நாயகர்கள் 'நம் ஆட்டம்' இன்னதென்று காட்டுகிறார்கள். படமாக்கியது உக்ரைனில், கீவ் நகர மாளிகை முன்பாக. அந்த இருவரில் ஒருவர் கொமரம் பீம். 'நீர், காடு, நிலம்' என்ற முழக்கத்தோடு சேர்த்து நினைக்கப்படும் கோண்டுப் பழங்குடித் தலைவர். படத்தின் முடிவில் அவர் அல்லூரி சீதாராம ராஜுவிடம் தன் சனத்துக்குக் கேட்பது எழுத்தறிவை. நிலம் கேட்டவன் எழுத்துக் கேட்பவனாகிறான்! ஆஸ்கர் மேடையில் இன்னொரு சுரண்டல் நடந்தது. ஆடிய குழுவில் தெற்காசியக் கலைஞர்கள் எங்கே என்ற கண்டனம் எழுந்தது. ஆட்டம் இருந்தது, ஆடுகிற உடம்பு மாறிவிட்டது.

தேர்வையே திருவிழாவாக நடத்துகிற இடம் ஐரோப்பா. யூரோவிஷன் பாட்டுப் போட்டி 1956இல் ஏழு நாடுகளோடு தொடங்கியது. ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமும் ஒரு பாட்டை அனுப்புகிறது. சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. 2022இல் உக்ரைனில் தேர்வில் வென்ற அலினா பாஷ், முன்பு கிரிமியா போய்வந்த விவகாரம் கிளம்பியதும் விலகினார். இரண்டாவதாக வந்த குழு போய் ஜெயித்தது. அந்தக் குழுவின் பாட்டு, பாடகர் தன் அம்மாவுக்காக எழுதியது. போர் வந்ததும் அந்த அம்மா தாய்நாடாகிவிட்டாள்.

போர்ச்சுகலின் கதை இன்னும் கூர்மையானது. சர்வாதிகாரத்தின் கடைசி மாதங்களில், 1974 ஏப்ரலில், அந்நாடு யூரோவிஷனுக்கு அனுப்பிய காதல் பாட்டு கடைசி இடத்தில் வந்தது. அதே மாதம் 24ஆம் தேதி இரவு, கிளர்ச்சி செய்யவிருந்த ராணுவத்தினர் முதல் சமிக்ஞையாக வானொலியில் ஒலிக்கவிட்டது அந்தப் பாட்டைத்தான். அதன்மேல் எவனுக்கும் சந்தேகம் வராது. தேசத் தேர்வில் தேறி வந்ததன் தகுதியே அந்தச் சாதுத்தனம்தான். நள்ளிரவுக்குப் பிறகு வந்த இரண்டாவது சமிக்ஞை ஜோஸே அஃபோன்ஸோவின் 'கிராந்தோலா'. அவருடைய பல பாடல்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. கிராந்தோலா என்பது ஓர் ஊரின் பெயர். அங்கிருந்த தொழிலாளர் இசைச்சங்கத்தின் நினைவாகப் பிறந்த பாட்டு. புரட்சியின் பாட்டு என்று அந்த சனங்கள் நினைவில் வைத்திருப்பது ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்தப் பாட்டைத்தான்.

3

நம் பக்கத்துக்கு வருவோம். ரஷ்யாவில் நடக்கவிருந்த செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறி 2022 ஜூலையில் மாமல்லபுரத்துக்கு வந்தது. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. உலகத்தின் முன்னால் தமிழ்நாடு தன்னை எந்தப் பாட்டில் காட்டிக்கொள்வது? மேடையேறியவற்றில் ஒன்று 'எஞ்சாய் எஞ்சாமி'. பாடியவர்கள் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும். எழுதியவரும் உடன் பாடியவருமான அறிவு மேடையில் இல்லை. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார், அதனால்தான் என்பது இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தரப்பு விளக்கம். அந்தப் பாட்டில் தன் பங்கு எவ்வளவு என்பதை அறிவு தானே பொதுவில் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தின ஆண்டே ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படத்தில் அவரை விட்டுவிட, பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்தார்கள்.

இதை யார் நல்லவர், யார் கெட்டவர் என்கிற பஞ்சாயத்தாகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பயண ஏற்பாட்டுச் சிக்கலாகவே இருக்கட்டும். கேட்க வேண்டியது வேறு. அந்தப் பாட்டின் வேரில் இருப்பவர் வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். நிலமற்ற தலித் சனங்களின் நூற்றாண்டு வலி அவர் வழியாகப் பாட்டுக்குள் வந்தது. உக்ரைன் அம்மா தாய்நாடானதுபோல, இந்தப் பாட்டியும் மேடையில் 'தமிழ்ப் பண்பாடு' ஆகிவிடுகிறாள். சாதி கழன்றுவிடுகிறது. சாதி ஒழிந்து கழன்றதா என்றால் இல்லை. சாதியைச் சொல்லும் வாய் மட்டும் கழன்றுவிட்டது.

அயோத்திதாசரின் 'சாதியற்ற' என்னும் சொல்லிலிருந்து பெயரெடுத்து 2018இல் மேடையேறியது கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' நடக்கிறது. தேர்வுக்குழுவின் வாசலில் நிற்காமல் தம் மேடையைத் தாமே போட்டுக்கொண்ட செயல்கள் இவை. இவற்றின் அரசியல் பாட்டில் மட்டும் இல்லை. யார் பாடுகிறார் என்று பெயர் சொல்லி அறிவிப்பதிலும் இருக்கிறது.

4

தோழர்கள் இதுவரை சௌகரியமாகத் தலையாட்டியிருக்கலாம். அரசு, ஆஸ்கர், சந்தை எல்லாம் வெளியே இருக்கிற எதிரிகள். நாம் என்ன செய்தோம்?

நாட்டார் பாடல் தொகுப்பு எதையாவது எடுத்துப் பாருங்கள். அட்டையில் தொகுப்பாசிரியர் பெயர். பாடியவர் பெயர் பின்னிணைப்பில் இருந்தால் பாக்கியம். நானும் தமிழ் எம்.ஏ. முடிக்க ஒப்பாரி சேகரித்தவன்தான். இரும்புலியூரில், ரயில்பாதையை ஒட்டிய குடியிருப்பில் ஓர் அம்மா. பகலில் வீட்டுவேலை, அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால் பாட்டு. மூன்று மணி நேரம் பாடினார். செல்போனில் பதிவு செய்தேன். "இதெல்லாம் எதுக்குப்பா?" என்றார். "தமிழுக்கு" என்றேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் சொன்னேன்.

பாடல்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தேன். வசவு வந்தவற்றை விலக்கினேன். பண்ணையாரின் பெயரைச் சொல்லிச் சபித்த ஒன்றை 'ஆய்வுக்குப் பொருந்தாது' என்று ஒதுக்கினேன். தனியொரு ஆள் தேர்வுக்குழுவாக இருந்தேன். ஏட்டில் முதல் வகுப்பு மதிப்பெண் கிடைத்தது.

ஏடு இப்போதும் வீட்டில் இருக்கிறது. அன்று டீக்கடையிலிருந்து வந்ததும் எடுத்துப் புரட்டினேன். பின்னிணைப்பில் என் கையெழுத்தில் ஒரு வரி: 'தகவலாளி: பெண், வயது சுமார் அறுபது, தாம்பரம் வட்டாரம்.' பெயர் இல்லை. விட்டுப்போகவில்லை. அவரிடம் நான் பெயரைக் கேட்கவே இல்லை.